ஆறுமணிக் குருவி இறங்கிய தோட்டங்கள்

சென்னைப் பொது மருத்துவமனையில் அடைக்கலம் புகுந்தவர்களில் ஒரு பறவையும் உண்டு. 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னையில் வந்திறங்கிய தாமஸ் ஜெர்டன், பச்சை முதுகும் குட்டை வாலும் வாலடியில் ரத்தச் சிவப்பும் கொண்ட அந்தக் குருவியை முதன்முதலாகப் பார்த்தது அந்த மருத்துவமனைக் கட்டடத்துக்குள்தான். பின்னர் நெல்லூரில் பணியாற்றியபோது, இதேபோல் குடிசைகளிலும் கொட்டகைகளிலும் ஒதுங்கிய பல குருவிகள் அவருக்கு உயிருடன் கிடைத்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட பெரிய நூலில் இந்தச் செய்தியை மறக்காமல் எழுதி வைத்தார்.

அது ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணிவாக்கில் ஒருமுறை, மாலை மங்கும்போது ஒருமுறை, இரண்டு சுரத்தில் தெளிவாக விசிலடிக்கும். அதனால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் அழைப்பார்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. உச்சந்தலையில் கருங்கோடு, கண்ணை மூடினாற்போல் அகலக் கரும்பட்டை, வெள்ளைத் தொண்டை, சந்தன நிற வயிறு, இறக்கையில் பளீரென்ற நீலம். இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு அது வாழ்வது மரநிழலில், சருகுக்கு நடுவே. தத்தித் தத்திப் போய், அலகால் இலையைப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சியையும் புழுவையும் எடுக்கும். வெயிலில் வந்து நிற்பது அபூர்வம். அதனால்தான் வீட்டுக் கொல்லையில் வாரக்கணக்கில் தங்கியிருந்தாலும் பலர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்டவர்கள் மறப்பதில்லை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்புகிறது. இரவில் பறக்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் உடல்வாகு அதற்கு இல்லை. பறந்து களைத்த பறவை பொழுது விடியும்போது கீழே எது தெரிகிறதோ அங்கே இறங்கும். கீழே தெரிவது சென்னை மாநகரமாக இருந்தால், ஒரு மாமரமோ வேப்பமரமோ உள்ள வீட்டுத் தோட்டம்.

தமிழகத்தின் குளிர்காலப் பறவைகள் என்றதும் எல்லோருக்கும் ஏரியும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். வேடந்தாங்கலும் கோடியக்கரையும் பெற்ற புகழ் நியாயமானது. ஆனால் இந்த மண்ணின் பறவைகளைப் பற்றி எழுத்தில் உள்ள மிகப் பழைய செய்திகளில் கணிசமானவை வீட்டைச் சுற்றிய வெளியிலிருந்து, தோட்டத்திலிருந்து, மருத்துவமனை வளாகத்திலிருந்து வந்தவை. அந்த வரலாற்றைச் சொல்ல ஆறுமணிக் குருவியைவிடப் பொருத்தமான பறவை இல்லை.

ஜெர்டனுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு மருத்துவர் இந்தக் குருவியைக் கவனித்துவிட்டார். புனித ஜார்ஜ் கோட்டையில் பணிபுரிந்த எட்வர்ட் பல்க்லி, 1693-ல் இந்தியாவில் பதிவான முதல் சட்ட மருத்துவப் பிரேதப் பரிசோதனையை நடத்தியவர். அதே கையால் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். சென்னையைச் சுற்றிக் கிடைத்த பறவைகளின் படங்களை லண்டனில் இருந்த மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவருக்குக் கப்பலில் அனுப்பினார். அவை 1713-ல், ஜான் ரே எழுதிய பறவை நூலின் பின்னிணைப்பாக, மதராசப்பட்டினத்துப் பறவைகள் என்ற அடையாளத்துடன் அச்சாயின. ஐரோப்பாவில் இந்தியப் பறவைகளுக்கென்றே தனியாக வெளிவந்த முதல் பட்டியல் இதுதான் என்று சொல்லலாம். ரே அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார். வில்லியம் டெர்ஹாம்தான் நூலைப் பதிப்பித்தார்.

அந்தப் பட்டியலில் நம் குருவி உண்டு, அதுவும் தெலுங்குப் பெயரோடு. பறவையைப் பிடித்துக் கொடுத்த ஒருவரிடம் பல்க்லி பெயரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் 'பிட்டா' என்று முடியும் ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பறவை எதற்கும் தெலுங்கில் வழங்கும் சாதாரணச் சொல் அது. 1766-ல் லின்னேயஸ் இந்தக் குருவியைக் காக்கையின் வகையறாவில் சேர்த்தார். 1816-ல் பிரெஞ்சு அறிஞர் வியேயோ தனிப் பேரினமாகப் பிரித்தபோது 'பிட்டா' என்றே பெயர் வைத்தார். இன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை உள்ள இதன் உறவுப் பறவைகள் அனைத்தும் உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அறியப்படுகின்றன. பெயரைச் சொன்னவர் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

இது இந்த வரலாறு முழுவதும் தொடரும் குறை. ஜெர்டனுக்குப் பறவை கொண்டுவந்தவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். 1843 முதல் 1847 வரை சென்னையில் அவர் வெளியிட்ட ஐம்பது வண்ணப்படங்கள் கொண்ட நூலுக்கு வரைந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய ஓவியர்கள். ஒவ்வொரு பறவைக்கும் தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் என்ன பெயர் என்று அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த அக்கறைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கேட்டுச் சொன்ன ஆட்களின் பெயரையும் எழுதியிருந்தால் இன்னும் பெரிய நன்றி சொல்லியிருக்கலாம்.

பறவைகள் இறங்கிய தோட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர்கள் ஓய்ந்து பயம் தெளிந்ததும், கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டைக்கு வெளியே நகர்ந்தார்கள். மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருந்த திறந்தவெளியில் பல ஏக்கர் பரப்பில் தோட்ட வீடுகள் எழும்பின. சென்னையில் பெரிய வீட்டைத் 'தோட்டம்' என்றும் 'கார்டன்ஸ்' என்றும் சொல்லும் வழக்கம் இங்கிருந்து வந்தது. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே கட்டிய வீடு இன்று மெட்ராஸ் கிளப். நுங்கம்பாக்கத்து டவ்டன் இல்லம் பெண்கள் கிறித்தவக் கல்லூரியானது. ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-ல் பிரம்மஞான சபை வாங்கி, அடையாற்றின் தென்கரையில் சுமார் 260 ஏக்கர் வளாகமாக வளர்த்தது. கிண்டியில் ஆளுநர் மாளிகையைச் சுற்றி நின்ற முட்புதர்க் காட்டின் ஒரு பகுதியில் 1959-ல் ஐஐடி வந்தது. இன்னொரு பகுதி 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. தாம்பரத்துக்கு 1937-ல் இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி, வெட்டவெளியாகக் கிடந்த தன் நிலத்தை மரச்சோலையாக்கியது. இன்றைக்கும் சென்னையில் வலசைப் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், இந்த இடங்களைத்தான் சொல்வார்கள். பணக்காரர் ஆசைக்கும் நிறுவனங்களின் தேவைக்கும் ஒதுக்கப்பட்ட நிலம், இரவெல்லாம் பறந்து வந்த பறவைக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டதாக அமைந்துவிட்டது.

ஜெர்டனின் குறிப்பில் ஆராய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்நாளில் கர்நாடிக் எனப்பட்ட கிழக்குக் கடற்கரைப் பகுதியில் இந்தக் குருவி பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில், மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசத் தொடங்கும்போது தென்படுகிறது என்கிறார். பறக்கும் வலு குறைந்த பறவை. கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காற்று இதை அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது என்பது அவர் கணிப்பு. பருவத்தை அவர் சரியாகப் பார்த்தார். ஏப்ரல், மே மாதங்களில் குருவி உண்மையில் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. தெற்கே தங்கியிருந்த பறவைகள் கிழக்குக் கரை வழியாக மேலே ஏறும்போது, எதிர்ப்படும் அனல் காற்று அவற்றைத் தளர்த்தி வீட்டுக்குள் தள்ளியிருக்கலாம். ஆக, காற்றுக்கும் பங்கு உண்டு. பயணமே காற்றால் நிகழ்ந்ததல்ல. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரே ஆள் பார்த்தால் இவ்வளவுதான் விளங்கும். அக்டோபரில் ஒருவர், ஏப்ரலில் ஒருவர், நாக்பூரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று எழுதி, அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் பறவை போகும் வழி புலப்படும்.

அப்படி ஒன்றாக வைத்துப் பார்க்க முதலில் பெரிதாக முயன்றவர் சிம்லாவில் இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராகத்தான் தமிழர்களுக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் அவர் இந்தியா முழுவதிலும் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பறவைச் செய்திகளையும் பாடம்செய்த உடல்களையும் திரட்டினார். அதற்கென்றே 1872-ல் ஓர் இதழும் தொடங்கினார். அந்தக் காலத்தில் பறவையைப் 'பதிவு செய்வது' என்றால் சுடுவது. தோட்டத்தில் புதிய பறவை வந்தால் துப்பாக்கியை எடுப்பார்கள்; தோலை உரித்துப் பஞ்சு அடைத்து, காலில் தேதிச் சீட்டு கட்டுவார்கள். ஹியூமிடம் சேர்ந்தவை, முட்டைகளும் உட்பட, சுமார் 80,000.

இரண்டு காரணங்கள் அவரை நிறுத்தின. ஒன்று, பிளவாட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞானக் கொள்கையில் ஈடுபட்டு, உயிர்க்கொலையையும் புலாலையும் விட்டார். மற்றொன்று கொடுமை: பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை அவர் ஊரில் இல்லாத சமயம் வேலைக்காரர் ஒருவர் கடைவீதியில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். எழுத நினைத்திருந்த பெருநூல் அத்தோடு போயிற்று. மனம் உடைந்து, 1885-ல் சேகரிப்பு முழுவதையும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கக் காரணமான சபை, தன் தலைமையகத்தை அடையாற்றில் அமைத்தது. அந்த வளாகத்தின் மரங்களுக்கடியில் ஆறுமணிக் குருவியும் செந்தலைப் பூங்குருவியும் சருகு புரட்டுகின்றன.

சுடாமல் அறிய முடியும் என்பதைக் காட்டியது கால்வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920-களின் பிற்பகுதியிலேயே தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு வளையம் இடும் வேலையில் ஈடுபட்டது. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் ஒரு புதிய காய்ச்சல் பரவியபோது, அதன் கிருமி ரஷ்யாவில் கண்டறியப்பட்ட ஒரு கிருமியை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகளின் உண்ணிகள் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு, விட்டார்கள். சந்தேகம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பறவைகளின் போக்குவரத்தைப் பற்றி அதுவரை யாரும் அறியாதவை வெளிவந்தன. கோடியக்கரை அந்தப் பணியில் முக்கிய இடம் பெற்றது. 1967-ல் சரணாலயமும் ஆனது.

வளையம் வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு செய்தி சொன்னது. பம்பாயில் சாலிம் அலியின் வீட்டுப் புல்தரையில் வளையமிடப்பட்ட ஒரு சாம்பல் வாலாட்டி, அடுத்தடுத்த ஆண்டுகளில் இமயமலையிலிருந்து அதே புல்தரைக்குத் திரும்பி வந்தது. அத்தனை தூரத்தையும் தாண்டி வந்து, ஒரு பாய் விரிக்கும் அளவு புல்லை அது அடையாளம் கண்டுகொண்டது. போன வருடம் வந்த அதே குருவிதான் இந்த வருடமும் நம் கொல்லைக்கு வந்திருக்கிறது என்று பாட்டிமார்கள் சொல்வதை இனி யாரும் சிரித்துத் தள்ள முடியாது.

சென்னையில் பறவை பார்ப்பதை அன்றாடச் செயலாக்கியதில் மா. கிருஷ்ணனுக்குப் பெரும்பங்கு உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூர்க்காரர். 1950 தொடங்கி 1996-ல் இறக்கும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு, தன் வீட்டு முருங்கை மரத்துக்கு வந்து போகிறவற்றைப் பற்றியும் எழுத முடியும் என்று காட்டியவர் அவர். 1978-ல் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் தொடங்கியது. அதன் 'பிளாக்பக்' இதழில் ஆண்டுதோறும் வந்த பறவைக் குறிப்புகள் நகரத்தின் மாற்றத்துக்கே ஓர் ஆவணம். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள் எழுதிவிட்டு மாற்றலாகிப் போன காலம் மாறி, ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். மதிப்பில் இதற்கு இணை கிடையாது.

அப்படிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், வருபவை அத்தனையும் பளிச்சென்ற நிறத்தில் இருப்பதில்லை. மழைக்கால விடியலில் குரோட்டன் செடிக்குள் யாரோ நாக்கைச் சொடுக்குவது போன்ற சத்தம் கேட்டால், அது பிளித் நாணல் கதிர்க்குருவி. மண் நிறத்தில் ஒரு சாணுக்கும் குறைந்த நீளம், பின்லாந்துக்கும் மத்திய ஆசியாவுக்கும் இடையில் எங்கோ பிறந்தது. கம்பியில் முகமூடிக் கண்ணோடு அமர்ந்து கரகரவென்று திட்டுவது பழுப்புக் கீச்சான். மாங்குயில் பழமரத்துக்கு வரும். கொடிக்கால் வாலாட்டி கண்டவர் பாக்கியசாலி: மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் இடுப்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து வருவது. நிழலான நடைபாதையில் ஈரச் சருகின் மேல் நடக்கும்போது, மார்பில் இருக்கும் இரண்டு கரும்பட்டைகள் தெரிந்தால் அடையாளம் உறுதி. நெடுங்காலம் நின்ற மரமும், பெருக்கித் தள்ளாத சருகும், கொஞ்சம் ஈரமும் இருந்தால் இவற்றுக்குப் போதும். தினமும் துடைப்பம் போட்டுத் தரையை வழித்தெடுக்கும் வளாகத்தில் மரம் இருந்தும் இவை நிற்பதில்லை.

ஹியூமின் கடிதப் போக்குவரத்து இப்போது கைபேசியில் நடக்கிறது. வலசைப் பறவைகளை முதன்முதலில் பார்த்த தேதியை மக்களே தெரிவிக்க 2007-ல் 'மைக்ரண்ட்வாட்ச்' தொடங்கியது. அமெரிக்காவில் 1998-ல் தோன்றிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013-ல் சேர்ந்தது. பிப்ரவரியில் நான்கு நாள், குறைந்தது பதினைந்து நிமிடம், நின்ற இடத்தில் பார்த்து எழுதினால் போதும். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கல் நல்ல தேர்வு. வலசை வந்தவை தங்குமிடத்தில் நிலைத்துவிட்ட காலம். வெளியூரில் வேலை செய்பவர்கள் சொந்த ஊரில், தோட்டமும் வயலும் உள்ள வீட்டில் இருக்கும் நாட்கள். கணக்கெடுப்பவர் இல்லாத எத்தனையோ கிராமங்களின் பறவைகள் அந்தச் சில நாட்களில்தான் ஏட்டில் ஏறுகின்றன.

நகரத்திலோ தோட்ட வீடுகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன. இரண்டு கிரவுண்டு நிலத்தில் ஒரு வீடும் நான்கு மரமும் நின்ற தெருவில், இன்று எல்லைச் சுவர்வரை கட்டடம். கீழே கார் நிறுத்த சிமெண்டுத் தரை. ஆறுமணிக் குருவி வருவதை நிறுத்தவில்லை, அதன் வழி அப்படி. இருட்டில் விளக்கொளியால் திசை தடுமாறியோ, கண்ணாடியில் மரம் தெரிவதை மரமென்று நம்பியோ, மோதி விழுகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் பால்கனியில், மாடிப்படியில், அலுவலக வாசலில் விழுந்த குருவியின் படங்கள் கைபேசிகளில் வலம் வருகின்றன. காகங்கள் முதலில் கண்டுபிடித்தால் பிழைப்பது அரிது.

மனிதர் முதலில் கண்டால் பிழைக்க வழி இருக்கிறது. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணி விரித்து, குருவியை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டறையில் சில மணி நேரம் வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் பிஸ்கட்டும் அதன் உணவல்ல. அடிபடாத பறவை தெளிந்துவிட்டால் பெட்டிக்குள் தத்தும் ஓசை கேட்கும். காகங்கள் அடைந்தபின், மாலை மங்கும் நேரத்தில், அருகில் மரமும் புதரும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்கோ, விலங்கு மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விட்ட கையோடு தேதியையும் தெருவின் பெயரையும் எழுதி, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டால், அது அந்த வாரத்து வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேரும். ஏப்ரல் மாதத்துப் புள்ளிகள் அக்டோபர் அளவுக்குச் சேருவதில்லை. திரும்பிப் போகும் குருவியை ஆட்கள் எதிர்பார்ப்பதில்லை என்பதால், அந்த மாதத்தில் கிடைக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் மதிப்பு கூடுதல்.